அறுபத்திரண்டு கிலோ

ராத்தாவின், அதாவது என் அக்காவின், தராசை நான் ஒருநாள் சோதித்துப் பார்த்தேன். ஏழு மாதத்துக்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். அளப்பதுதான் என் தொழில். பிள்ளைகளுக்கு அளக்கச் சொல்லிக் கொடுத்துத்தான் சாப்பிடுகிறேன். அப்படியிருந்தும் பிந்திவிட்டேன். அது ஒரு பிழை. அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு இருந்தேனே, அது அதைவிடப் பெரிய பிழை. இப்போது ராத்தா இல்லை. இரண்டையும் ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் இருப்பது புத்தளத்துக் கரைத்தீவில், கடல்நீர் நிற்கிற களப்புக்குக் கிட்ட. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்களை விரட்டியதில் இங்கே வந்து இறங்கியபோது எனக்கு ஒன்பது வயது, ராத்தாவுக்கு இருபது. உம்மா அகதி முகாமிலேயே மௌத்தாகிவிட்டார். அதன் பிறகு எனக்குச் சோறு போட்டது, தலை வாரி இழுத்துவிட்டது, பள்ளிக் கொப்பி வாங்கித் தந்தது, தேவைப்பட்டபோது முதுகில் இரண்டு போட்டது எல்லாம் ராத்தாதான். மச்சான் மாரடைப்பில் போய்ப் பத்து வருடம் ஆகிறது. ராத்தாவின் ஒரே மகன் கட்டாரில் வேலை செய்கிறான். அவனுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, நவம்பரில் லீவு. அந்த நவம்பரை எண்ணிக்கொண்டுதான் ராத்தாவின் மற்ற மாதங்கள் போகும். நான் கலியாணம் முடிக்கவில்லை. என் கோபத்தைத் தாங்க ஒருவன் இன்னும் பிறக்கவில்லை என்று ராத்தா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். ஆக, வீட்டில் நாங்கள் இரண்டு பேர். நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தேன். ராத்தா வீட்டுக்குப் பின்னால் ஒரு வாடிக் கொட்டகை போட்டுக் கருவாடு காயவைத்தார்.

எங்கள் பாடசாலை முற்றத்தில், மரநிழல் விழாத இடமாகப் பார்த்து, ஒரு மழைமானி வைத்திருக்கிறோம். பெரிய விசயம் ஒன்றுமில்லை. மேலே ஒரு புனல், உள்ளே ஒரு போத்தல், பக்கத்தில் கோடு போட்ட கண்ணாடிக் குழாய். காலை எட்டரைக்குப் போத்தலில் உள்ள தண்ணீரைக் குழாயில் ஊற்றி, எத்தனை மில்லிமீற்றர் என்று பார்த்து, புத்தகத்தில் எழுதி, கொழும்புக்குச் செய்தி அனுப்ப வேண்டும். நாடு முழுக்க இப்படி அளக்கிறவர்கள் எல்லாரும் அதே எட்டரைக்குத்தான் அளக்கிறார்கள். ஒருவர் ஆறு மணிக்கும் இன்னொருவர் பத்து மணிக்கும் அளந்தால் இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. இதைச் சொன்னால் தரம் ஏழுப் பிள்ளைகளுக்கு ஒரு பெருமை வந்துவிடும். அந்த நேரத்தில் காலி, நுவரெலியா, யாழ்ப்பாணம் எல்லா இடத்திலும் ஒருவர் எங்களைப்போலவே குனிந்து நிற்கிறார் என்று தங்களுக்குள் கதைத்துக்கொள்வார்கள்.

குனியத்தான் வேண்டும். கண் தண்ணீர் மட்டத்துக்கு வர வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் ஓரங்களில் சற்று ஏறி, நடுவில் பள்ளமாக நிற்கும். பள்ளத்தின் அடியைத்தான் வாசிக்க வேண்டும். மழை பெய்யாத நாளுக்குப் பூச்சியம். அளக்காத நாளுக்கு ஒரு சிறு கோடு. இந்த இரண்டையும் குழப்புகிற பிள்ளைக்கு என்னிடம் நல்ல ஏச்சு விழும். போய்ப் பார்க்காமலே பூச்சியம் போடுவது பொய்ச்சாட்சி சொல்வது மாதிரி என்பேன். நோன்பு மாதத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு லீவு. அப்போதும் நான் சைக்கிளில் போய் அளந்துவிட்டு வருவேன். என் புத்தகத்தில் கோடு இருக்கக்கூடாது என்பதில் எனக்கு ஒரு வீம்பு.

மழைமானி தவிர, காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள் ஒரு வெப்பமானி உண்டு. அதிபர் அறைச் சுவரில் ஒரு பாரமானி தொங்குகிறது. நம்மை மேலிருந்து அமத்திக்கொண்டிருக்கிற காற்றின் அமுக்கத்தை அது காட்டும். பிள்ளைகள் அதன் முள்ளைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது கூடவா குறையவா?" என்று கேட்பார்கள். தனியாக ஒரு இலக்கத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்பேன். மூன்று மணித்தியாலத்துக்கு முன் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மெதுவாக இறங்கினால் வானம் மாறப்போகிறது. விரைவாக இறங்கினால் பலத்த காற்று வரப்போகிறது. இலக்கத்தைப் பார்க்காதே, அது போகிற போக்கைப் பார் என்பதை வருடா வருடம் கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

ராத்தாவுக்கு இந்தப் படிப்பெல்லாம் தேவையில்லை. அவருக்கு ஒரே ஒரு விசயம் தெரிய வேண்டும். நான் சைக்கிளை எடுக்கும்போது வாடிப் பக்கமிருந்து சத்தம் வரும்.

"இண்டைக்கு மழை வருமா புள்ள? விரிக்கட்டா?"

உப்பில் ஊறிய மீனை வலையில் விரித்தால் இரண்டு மூன்று நாள் வெயில் தொடர்ந்து கிடைக்க வேண்டும். நடுவில் நனைந்தால் போச்சு. நானும் முன்பெல்லாம் பதில் சொல்வேன். வானொலியைக் கேட்டு, பாரமானியைப் பார்த்து, பெரிய ஆள் மாதிரிச் சொல்வேன். ஒரு ஒக்டோபர் மாதம், "விரியுங்க, மழை இல்ல" என்றேன். அன்று பின்னேரம் மூன்று மணிக்குக் களப்புக்கு மேலே கறுப்பாக ஒரு முகில் எழும்பி, அரை மணித்தியாலம் இடியோடு ஊற்றியது. அந்த மாதத்து இடிமழை அப்படித்தான். காலையில் அடையாளமே காட்டாது. ஒரு ஊரில் கொட்டும், அடுத்த ஊரில் தூசி கிளம்பும். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ராத்தா விரித்திருந்த நெத்தலி முழுவதும் நனைந்து, புழு வைத்து, குழி தோண்டிப் புதைக்க வேண்டியதாயிற்று.

ராத்தா ஏசவில்லை. "அல்லாஹ் நாடினது" என்று மண்ணைத் தள்ளினார். பைப்படியில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள்தான் சிரித்தார்கள். அதற்குப் பிறகு எதிர்பாராமல் பெய்கிற மழைக்கெல்லாம் "டீச்சர்ட மழை" என்று பேர் வைத்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அன்றிலிருந்து ராத்தா கேட்டால், "வந்த மழையத்தான் நான் அளப்பன். வாற மழைய அல்லாஹ்விட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு மிதிக்கத் தொடங்கிவிடுவேன். ராத்தா கேட்பதை நிறுத்தவில்லை. நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

இனித் தராசுக்கு வருகிறேன். மகன் போன முறை லீவில் வந்தபோது கொழும்பில் ஒரு டிஜிட்டல் தராசு வாங்கி வந்தான். மூட்டையோடு தூக்கி வைக்கலாம். இலக்கம் பச்சையாக எரியும். உப்புக் காற்றில் இப்படியான கருவிகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிழை காட்டத் தொடங்கும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். எடை தெரிந்த ஒரு பாரத்தை மேலே வைத்து, ஒரு பட்டனை அமத்தினால் தராசு தன்னைத் திருத்திக்கொள்ளும். எடை தெரிந்த பாரம் வீட்டில் என்ன இருக்கிறது? முதல் நாள்தான் புத்தளத்தில் மருந்துக்கடைத் தராசில் ராத்தா ஏறி நின்றிருந்தார். அறுபத்திரண்டு கிலோ.

"உம்மா, நீங்கதான் நிறுக்கிற படிக்கல்லு" என்று மகன் சிரித்தான். "அறுபத்திரண்டு எண்டு இதுக்குள்ள போட்டிருக்கிறன். வெள்ளிக்கிழமையில ஏறி நிண்டு, இந்தப் பட்டன அமத்துங்க. தராசு சரியாகிடும்."

ராத்தா அதை ஒரு கடமையாகவே எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலையில் தராசைத் துடைத்து, செருப்பைக் கழற்றி, பிஸ்மி சொல்லி ஏறி நின்று, பட்டனை அமத்துவார். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கருவியைத் தெரிந்த அளவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது வெப்பமானிக்கும் பாரமானிக்கும் முதல் பாடம். வகுப்பில் நான் சொன்னேன்: "என்ட ராத்தா ஐந்தாம் வகுப்புத்தான் படிச்சவ. அவ கிழமைக்குக் கிழமை தராச சரிபாக்கிறா. நீங்க கோடு போடுற அடிமட்டம் பூச்சியத்தில இருந்து தொடங்குதா எண்டுகூடப் பாக்கிறதில்ல." பிள்ளைகள் தலையைக் குனிந்தார்கள்.

ஒரு வருடத்துக்கு மேல் எல்லாம் சரியாகத்தான் போனது. பிறகு, நோன்புக்கு முந்திய மாதங்களில், ராத்தா ஏறி நிற்கும்போது அறுபத்தொன்று முக்கால் என்று காட்டத் தொடங்கியது. "உப்புக் காத்து வேலையக் காட்டிட்டு" என்று பட்டனை அமத்துவார். அறுபத்திரண்டு வரும். அடுத்த வெள்ளி மறுபடி கால் கிலோ குறையும். மறுபடி அமத்துவார். ஒவ்வொரு வெள்ளியும் அந்தத் தராசு ஒரு நிமிடம் உண்மையைச் சொன்னது. ராத்தா அதைத் திருத்தினார். நான் பக்கத்தில் நின்று தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

நோன்பில் எல்லாருமே மெலிவார்கள். பெருநாளுக்குப் பிறகு ராத்தா ஆறு நோன்பும் பிடித்தார். அதன் பிறகு இளமையில் விட்ட நோன்புகளைக் களா செய்ய வேண்டும் என்று திங்களும் வியாழனும் பிடித்தார். பசியில்லாத மனிசிக்கு நோன்பு பிடிப்பது லேசு என்று இப்போது விளங்குகிறது. அபாயாவுக்குள் யார் எவ்வளவு இருக்கிறோம் என்று யார் கண்டது? ஆனால் முகத்தை நான் கண்டேன். கன்னம் உள்ளே போயிருந்தது.

"ராத்தா, மெலிஞ்சு போனீங்க" என்றேன் ஒருநாள்.

"எவடம் மெலிஞ்ச? தராசக் கேளு. அறுபத்திரண்டு!"

நான் தராசைத்தான் நம்பினேன். கண்ணை நம்பாதே, கருவியை நம்பு என்று எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருக்கிறேன். "இண்டைக்குக் குளிர்" என்று ஒரு பிள்ளை சொன்னால், "உனக்குக் குளிருதா, வெப்பமானிக்குக் குளிருதா?" என்று கேட்டு வாயை அடைத்தவள் நான்.

ஜூலை கடைசியில் சிலாபத்திலிருந்து முதலாளி போன் எடுத்தார். ராத்தாவிடம் கருவாடு வாங்குகிறவர், அவரை அக்கா முறையில் தாத்தா என்று கூப்பிடுகிற மரியாதையான மனிதர்.

"தாத்தா, உங்கட மூட்டையில அஞ்சு கிலோ குறையுது" என்றார். "முந்தி ஒரு கிலோ, ரெண்டு கிலோ குறைஞ்சது. வழியில காஞ்சு போச்சு எண்டு நான் ஒண்டும் கதைக்கல்ல. அஞ்சு கிலோ காயாதுதானே?"

போனை வைத்துவிட்டு ராத்தா சுருங்கிப்போனார். ஒருவர் தன்னைக் களவு சொல்லும்படி அவர் வாழ்ந்ததில்லை. எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம். "இருங்க, அந்த மனுசனுக்குக் காட்டுறன்" என்று சந்திக் கடைக்குப் போய், முத்திரை குத்திய பத்துக் கிலோ இரும்புப் படிக்கல் இரண்டை சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். ராத்தாவின் தராசு சரி என்று நிரூபித்து, அதைப் படம் பிடித்து முதலாளிக்கு அனுப்புவது என் எண்ணம். இரண்டு படியையும் தராசில் வைத்தேன்.

இருபத்திரண்டு கிலோவும் நூறு கிராமும் என்று பச்சையாக எரிந்தது.

முதலில் தராசின் மேல்தான் ஆத்திரம் வந்தது. பிறகு, அது ஏன் கூடக் காட்டுகிறது என்று யோசித்தேன். தராசுக்கு ஒன்றும் தெரியாது. மேலே நிற்பது அறுபத்திரண்டு என்று ராத்தா சொன்னார், அது கேட்டுக்கொண்டது. மேலே நின்றது அறுபத்திரண்டு இல்லாவிட்டால்? கணக்கு எனக்குச் சட்டென்று வந்துவிடும். அன்றைக்கு வராமல் இருந்திருக்கலாம். இருபது என்று உள்ளே மாற்றிப் போட்டு, இரும்பை வைத்துத் தராசைத் திருத்தினேன்.  "ஏறுங்க ராத்தா" என்றேன்.

ஐம்பத்தாறு.

ராத்தா குனிந்து இலக்கத்தைப் பார்த்தார். "இப்பதான் பிழை காட்டுது" என்றார். "உன்ட இரும்பு துருப்பிடிச்சு ஈக்கும்."

"எவ்வளவு நாளா சாப்பாடு இறங்கல்ல?" என்று கேட்டேன். சத்தம் போட்டுத்தான் கேட்டேன். பயம் வந்தால் எனக்குச் சத்தம்தான் வரும்.

"வயித்துக்குள்ள காத்து புள்ள. அது பெரிசா ஒண்டுமில்ல."

புத்தளத்தில் காட்டினோம். அங்கிருந்து சிலாபத்துக்கு எழுதித் தந்தார்கள். வயிற்றில் கட்டி, ஈரலுக்கும் போய்விட்டது. டொக்டர் ஒரு சிங்களப் பெண்பிள்ளை, என்னைவிட இளையவர். ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கியது. வெளியே வந்து, "எவ்வளவு காலம்?" என்று கேட்டேன். ஆளுக்கு ஆள் வித்தியாசம், காலம் சொல்ல ஏலாது என்றார். பஸ்ஸில் வரும்போது ராத்தா யன்னல் பக்கம் இருந்து உப்பளங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். மதுரங்குளி தாண்டியதும், "மகனுக்கு இப்ப ஒண்டும் சொல்லாத. பதறுவான்" என்றார். சரி என்றேன். சொல்லாமல் இருப்பது எனக்கும் வசதியாக இருந்தது.

அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமைகளில் ராத்தா தராசில் ஏறினார். இப்போது பட்டனை அமத்த நான் விடவில்லை. ஒவ்வொரு இலக்கத்தையும் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாங்குகிற சதுரக்கோட்டுத் தாளில் புள்ளியாக வைத்தேன். கீழே கிழமைகள், பக்கத்தில் கிலோ. ஏன் வைத்தேன் என்று தெரியாது. வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. முதல் கிழமைகளில் அரைக் கிலோ இறங்கியது. பிறகு முக்கால் கிலோ. பிறகு ஒன்றேகால். அடிமட்டமே தேவையில்லை, கோடு எங்கே போகிறது என்று பார்த்ததும் தெரிந்தது. நவம்பருக்கு முன்பாகவே போய்ச் சேர்ந்துவிடும். தாளை மடித்து அலுமாரிக்குள் துணிக்கு அடியில் வைத்தேன்.

அந்தக் கிழமை வகுப்பில் வானிலை எதிர்வுகூறல் பாடம். எங்கள் மழைமானியில் எடுத்த ஒரு இலக்கம் தனியே ஒன்றுக்கும் உதவாது. கப்பலில் அளந்தது, பலூன் கட்டி மேலே அனுப்பி அளந்தது, செய்மதி எடுத்த படம், அயல்நாட்டுக்காரன் அளந்தது எல்லாம் ஒரு இடத்துக்குப் போய்ச் சேர்கின்றன, காற்று இப்போது இப்படிப் போகிறது என்றால் நாளைக்கு எங்கே இருக்கும் என்று கணினி கணக்குப் போடுகிறது என்று சொல்லிக்கொண்டு போனேன். கடைசியில் வானொலிச் செய்தியை வாசித்துக் காட்டினேன். "மழை பெய்யக்கூடும்" என்றதும் பின்வாங்கு வரிசையில் சிரிப்பு.

"ஏன் டீச்சர் எப்பவும் கூடும், கூடும் எண்டே சொல்றாங்க? தெரிஞ்சா தெரியும் எண்டு சொல்ல வேண்டியதுதானே?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

"எவ்வளவு தெரியுமோ அவ்வளவச் சொல்றதுதான் நேர்மை" என்றேன். நல்ல பதில் என்று எனக்கே தோன்றியது. மணியடித்தது, கொப்பிகளைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் ராத்தா விறாந்தைக் கதிரையில் இருந்தார். வாடிக்குப் போவதை அப்போது நிறுத்தியிருந்தார். என்னைக் கண்டதும், "மகன் போன் எடுத்தான்" என்றார். "பக்கத்து வீட்டு ஆரோ அவனுக்குச் சொல்லிட்டாங்க. இப்ப வரட்டா எண்டு கேக்கிறான். இப்ப வந்தா நவம்பர் லீவு இல்லயாம். என்ன சொல்லட்டும்?"

நான் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தேன்.

"மழைக்குத்தான் சொல்ல மாட்டாய். இதுக்காவது சொல்லு புள்ள. நவம்பர் வரைக்கும் நான் தாங்குவனா?"

அந்தக் குரலில் அழுகை இல்லை. மீன் விரிக்கட்டா என்று கேட்கிற அதே குரல். விடை தெரிந்தால் அதற்கேற்ற மாதிரி வேலையைப் பார்க்கலாம், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.  அலுமாரிக்குள் இருக்கிற தாளைப் பற்றி எப்படிச் சொல்வது? சொல்லி, என் கணக்குப் பிழைத்துப்போனால்? வாய்விட்டுச் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்றும் ஒரு பயம். விஞ்ஞானம் படிப்பிக்கிறவளுக்கு இப்படி ஒரு பயம் வரக்கூடாது. வந்தது.

"டொக்டரே ஒண்டும் சொல்லல்ல ராத்தா. பாப்பம்" என்றேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மகன் எனக்குப் போன் எடுத்தான். ராத்தா வீடியோவில் முகம் காட்ட மாட்டார், கூச்சம். அதனால் அவன் எதையும் கண்டிருக்கவில்லை. "சாச்சி, உம்மாக்கு என்னெண்டு கேட்டா சிரிக்கிறா. நீங்க சொல்லுங்க. இப்ப வரட்டா, நவம்பருக்கு வரட்டா? நீங்க சொல்ற மாதிரி செய்றன்."

"நவம்பருக்கே வா மகன்" என்றேன். "அவசரமில்ல."

பார்க்காமலே பூச்சியம் போடுவது பொய்ச்சாட்சி என்று பிள்ளைகளுக்குச் சொன்னவள் நான். தெரிந்துகொண்டே பூச்சியம் போட்டேன்.

அதற்குப் பிறகு ஐந்து கிழமை. ஒக்டோபர் தொடக்கத்தில், ஸுபஹ் தொழுதுவிட்டு நான் எழும்பியபோது ராத்தாவின் மூச்சு மாறியிருந்தது. தலையை மடியில் வைத்து, கலிமாவைக் காதில் சொன்னேன். வெயில் யன்னலுக்கு வந்தபோது போய்விட்டார். எங்களில் மய்யித்தை வைத்துக்கொண்டிருக்கிற வழக்கம் இல்லை. எவ்வளவு சீக்கிரம் அடக்க முடியுமோ அவ்வளவு நல்லது. மகனுக்குச் சொன்னேன். கிடைத்த விமானம் மறுநாள் காலையில்தான் வந்து இறங்கும். வைத்திருக்கட்டா என்று கேட்டேன்.  "எனக்காக வச்சிருக்காதீங்க சாச்சி" என்றான். போனில் ராத்தாவின் முகத்தைக் காட்டினேன். படம் நின்று நின்று போனது. நடுப்பகல் ளுஹர் தொழுகையோடு ராத்தாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்று மழைமானியை யாரும் பார்க்கவில்லை. புத்தகத்தில் என் முதல் கோடு விழுந்தது.

மறுநாள் பதினொரு மணிபோல அவன் வந்தான். தோளில் ஒரு பை மட்டும். நேரே மையவாடிக்குப் போய், உம்மாவின் கபுரடியில் அரை மணித்தியாலம் நின்றுவிட்டு, காலில் மண்ணோடு வீட்டுக்கு வந்தான். பெண்கள் அழுதார்கள். அவன் எல்லாருக்கும் பதில் சொன்னான், சோறு போட்டபோது கொஞ்சம் சாப்பிட்டான். ஆட்கள் குறைந்த பிறகு என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். ராத்தாவின் அதே நெற்றி, அதே காது.

"சாச்சி, நீங்க அளக்கிற ஆள்" என்றான். "உங்களுக்குத் தெரியாமலா இருந்த?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். டொக்டர் காலம் சொல்லவில்லை என்பது உண்மைதானே. அதைப் பிடித்துக்கொண்டு தப்பியிருக்கலாம். எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து, துணிக்கு அடியிலிருந்து தாளை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தேன். அவன் புள்ளிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு போனான். அவன் போன் எடுத்த கிழமையில் விரல் நின்றது. அதற்குள்ளேயே கோடு நன்றாகச் சரிந்திருந்தது.

"தெரியும் மகன்" என்றேன். "நீ கேட்ட நேரமே தெரியும். என்ட கணக்குப் பிழைச்சிடுமோ எண்டு பயந்திட்டன்."

அவன் தாளை இருந்த மடிப்பிலேயே மடித்து என்னிடம் தந்தான். கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கோபத்துக்கு நான் பதில் சொல்லுவேன்.

"பிழைச்சிருந்தா என்ன சாச்சி?" என்றான். "உம்மாவோட ஒரு மாசம் இருந்திட்டுப் போயிருப்பன்."

சொல்லிவிட்டு, அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுக்கக் கிணற்றடிக்குப் போனான்.